தேயிலைக்கு மாதச் சந்தா சரிவருமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. கொழுந்து முழுவதையும் ஃபேக்டரிக்குப் போடாமல் ஒரு பங்கை வீட்டிலேயே கையால் உருட்டி கிரீன் டீயும் ஆர்த்தடாக்ஸும் (இலையை உருட்டிச் செய்கிற பழைய முறை டீ) செய்து பார்க்கிறார்கள். 200 கிராம் பாக்கெட், மாதம் 450 ரூபாய், வீட்டுக்கே கூரியரில் வரும் என்று சந்தா ஆரம்பிக்க யோசனை. "சினிமா, சாஃப்ட்வேர், ஜிம், பிளேடு, பால் எல்லாமே சந்தாவில் ஓடுகிறதே, ஒவ்வொரு தொழிலிலும் இது எப்படி வேலை செய்கிறது?" என்பது அவர் கேள்வி. தொழில்வாரியாக விளக்கம் கேட்பது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது: அவர்களுக்கெல்லாம் ஓடுவது எனக்கும் ஓடுமா, ஒன்றாம் தேதி ஆனால் பணம் வந்துவிடும் என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாமா? வயது 26 என்று போட்டிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கேபிள் ஆபரேட்டர், பால் ஏஜென்ட், இரண்டு ஜிம், கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி என்று மாதப் பணத்தில் ஓடுகிற பல தொழில்களின் நோட்டுகள் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. டீத்தூள் விற்றதில்லை. கொழுந்தைப் பற்றி உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அதனால் பணக் கணக்கில் நான் சொல்வதை நம்பலாம், டீயின் சுவையைப் பற்றி ஏதாவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

எந்தச் சந்தாத் தொழில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒரே விஷயம். வாங்கியவர் பொருளைத் தொடாத மாதம் ஒன்று வருமே, ஊருக்குப் போயிருப்பார், உடம்பு சரியில்லாமல் இருப்பார், சும்மா மறந்தே போயிருப்பார், அந்த மாதத்தின் பணம் யார் தலையில் விழுகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் அந்தத் தொழிலின் பாதி தெரிந்துவிடும்.

கேபிள் நோட்டில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். நீளவாக்கில் கட்டிய பேரேடு, இடப் பக்கம் வீட்டுப் பெயர், வலப் பக்கம் பன்னிரண்டு கட்டம். பணம் வந்தால் தொகை, வராவிட்டால் வெற்றுக் கட்டம், வீடு பூட்டியிருந்தால் "பூ" என்று ஓர் எழுத்து. குன்னூரில் சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் பங்களாக்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே இரண்டு கட்டத்தில் தொகை இருக்கும், மற்ற பத்திலும் பூ, பூ, பூ. வசூலுக்குப் போகிற பையன் மழையில் படியேறிப் போய் வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வெறுங்கையோடு வருவான். சீசனுக்கு வந்த முதலாளியிடம் கேட்டால், "நான்தான் இங்கே இல்லையே, பார்க்காத டிவிக்கு எதற்குப் பணம்?" என்பார். ஆபரேட்டரோ, "வயர் போட்டிருக்கிறேன், சிக்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் டிவியைப் போடாதது என் குற்றமா?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் ஒரு வீடு கூடினாலும் குறைந்தாலும் ஆபரேட்டருக்குச் செலவு பெரிதாக மாறாது, மேலே சேனல்காரனுக்குக் காட்டுகிற வீட்டு எண்ணிக்கையும் அவரவர் மனசாட்சிப்படிதான். அதனால் கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு கதை மாறிவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் மேலே எண்ணப்படுகிறது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி நடைமுறைக்கு வந்து, 100 சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை என்று ஆனபோது, பூட்டிய வீட்டின் பெட்டி உயிரோடு இருந்தால் அது ஆபரேட்டர் கையிலிருந்து போகிற காசு. அதே வயர், அதே வீடுகள், ஆனால் சும்மா இருக்கும் மாதத்தின் பாரம் இடம் மாறியது. அடுத்த மாதமே எங்கள் ஆபரேட்டர் பூ போட்ட வீடுகளை எல்லாம் கட் பண்ணிவிட்டார்.

சாஃப்ட்வேர்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அடோபி 2013-ல், போட்டோஷாப் மாதிரியானவற்றின் புதிய பதிப்புகளை இனிப் பெட்டியில் விற்பதில்லை, மாதப் பணம் கட்டினால்தான் என்று அறிவித்தபோது கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். கம்பெனி அசையவில்லை. ஒருவர் ஒரு மாதம் திறக்காமலே விட்டால் அவர்களுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, பணம் மட்டும் வரும். நம் பக்கத்திலும் இந்த வியாபாரம் நன்றாக வளர்ந்திருக்கிறது. சந்தாவுக்கு பில் போடுவதற்கென்றே ஒரு மென்பொருள் செய்து, அதையும் சந்தாவுக்கே விற்கிற சார்ஜ்பீ 2011-ல் சென்னையில்தான் தொடங்கியது. வேடிக்கையாக இருந்தாலும் உண்மை, மாதா மாதம் பணம் வாங்குவது தனியாக ஒரு கம்பெனி நடத்தும் அளவுக்குச் சிக்கலான வேலை.

ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. நான் கணக்கு எழுதிய கோயம்புத்தூர் கம்பெனி, கடைகளுக்கு ஸ்டாக் பார்க்கிற மென்பொருளை வருடத்துக்கு 12,000 ரூபாய் என்று முன்பணம் வாங்கி விற்றது. ஏப்ரலில் பணம் குவிந்தது, முதலாளி கார் எடுத்தார். நான் படித்துப் படித்துச் சொன்னேன், இந்த 12,000 ஏப்ரல் மாத வருமானம் இல்லை சார், மாதம் ஆயிரமாகத்தான் நம்முடையதாகும், மீதி பதினோராயிரமும் கஸ்டமருக்கு நாம் பட்ட கடன், கணக்கிலும் அது கடன் பக்கம்தான் உட்காரும் என்று. கேட்கவில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. கஸ்டமர்களில் நல்ல பங்கு பேர் மூன்று மாதமாக உள்ளே நுழைந்தே பார்க்கவில்லை என்று திரையில் தெரிந்தது. "தொந்தரவு இல்லாத கஸ்டமர்" என்று அவருக்குச் சந்தோஷம். அடுத்த ஏப்ரலில் அந்தத் தொந்தரவு இல்லாதவர்கள் மொத்தமாகப் போய்விட்டார்கள், போகிறோம் என்று ஒரு போன்கூட இல்லை. வருடச் சந்தாவில் ஆள் போவது பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும் என்பதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

நெட்ஃபிளிக்ஸும் சாஃப்ட்வேர் வகைதான். படம் எடுக்கும் செலவு ஒரே தடவை, இன்னொருவர் சேர்ந்து பார்ப்பதால் கூடும் செலவு சொற்பம். அதனால்தான் 2021 டிசம்பரில் இந்தியாவில் மொபைல் திட்டத்தை 199-லிருந்து 149-க்கும், அடுத்த திட்டத்தை 499-லிருந்து 199-க்கும் அவர்களால் ஒரே நாளில் இறக்க முடிந்தது. நீங்கள் 450-ஐ 199 ஆக்கினால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைக்காசு போகும். பாட்டுக்காரர்களான ஸ்பாட்டிஃபை நடுவில் நிற்கிறார்கள். வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டின் உரிமைக்காரர்களுக்குப் போய்விடுகிறது, அதனால் 2008-ல் சேவையைத் தொடங்கியும் ஒரு முழு ஆண்டு லாபம் பார்க்க 2024 வரை ஆனது. திரையில் ஓடுவதெல்லாம் ஒரே ஜாதி வியாபாரம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜிம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது என்று சொல்லலாம். அங்கே வராதவர்தான் லாபம். அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும், ஜிம் வருகைப் பதிவுகளை எடுத்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலு தடவை சொச்சம்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலர் விழுகிறது, அதே ஜிம்மில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கினால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான். இங்கே குன்னூரிலும் நான் பார்த்தது அதேதான், ஜனவரியில் நிற்க இடமிருக்காது, ஜூலை மழையில் டிரெட்மில் மேல் துணி காயும். எல்லோரும் ஒரே நாளில் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று ஒரு ஜிம் முதலாளி என்னிடமே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய சம்பாத்தியம் முழுக்க அந்த வாக்கியத்துக்குள்ளேதான் இருக்கிறது.

அந்த வாக்கியம் நிஜமாகவே நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் மூவிபாஸ் என்று ஒரு கம்பெனி உண்டு. 2017 ஆகஸ்டில் மாதம் 9.95 டாலர் கட்டினால் தினமும் ஒரு படம் தியேட்டரில் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். தியேட்டருக்கோ அவர்கள் டிக்கெட்டின் முழு விலையைக் கொடுத்தாக வேண்டும். ஜிம் மாதிரி பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள் போல, சினிமாவை யார் மறப்பார்கள்? 2019 செப்டம்பரில் கடையைச் சாத்தி, 2020 ஜனவரியில் திவால். நம் ஊர்க்காரர்களிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

சும்மா இருக்கும் மாதம் யார் தலையில் என்ற தகராறு பெரிதாக வராத மாதிரி மெஷின்காரர்கள் செய்தார்கள். ஜெராக்ஸ் 914 என்று 1959-ல் வந்த மெஷினுக்கு மாத வாடகை 95 டாலர், அதில் 2,000 நகல் சேர்த்தி, அதற்கு மேல் ஒரு நகலுக்கு இவ்வளவு சென்ட் என்று எண்ணிக் காசு. விமான எஞ்சினிலும் 1962-லிருந்தே பறந்த மணிக்கணக்குக்குப் பணம் என்ற முறை இருக்கிறது, இன்றைக்கு அது ரோல்ஸ் ராய்ஸின் பெயரோடு சேர்ந்துவிட்டது. ஜெராக்ஸில் அந்த வாடகை போக, எஞ்சினில் ஓடுகிற மணிக்கு, ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டீக்கு இதுதான் கிட்டத்து உறவு, பின்னால் வருகிறேன்.

இப்போது உங்கள் வகை, அதாவது கைக்குப் பிடிபடுகிற பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவது. இதில் சும்மா இருக்கும் மாதம் இரண்டு பக்கமும் வலிக்கும். நீங்கள் பொருள் செலவும் கூரியர் செலவும் செய்துவிட்டீர்கள், வாங்கியவர் வீட்டு அலமாரியில் அது பிரிக்காமல் உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருக்கிறது. ஷேவிங் பிளேடு அனுப்பிய டாலர் ஷேவ் கிளப்பை யூனிலீவர் 2016-ல் நூறு கோடி டாலருக்கு வாங்கியதாகப் பேச்சு. பிளேடு எடை குறைவு, கெட்டுப்போகாது, தாடி மாதா மாதம் ஒரே வேகத்தில் வளரும், சந்தாவுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. அதன் பெரும் பங்கையே 2023-ல் வேறொருவருக்குத் தள்ளிவிட்டார்கள். சமையலுக்கு அளந்து நறுக்கிய சாமானை அனுப்பிய ப்ளூ ஏப்ரன் நிலை இன்னும் மோசம். 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு சுமார் 190 கோடி டாலர், 2023-ல் கைமாறிய விலை சுமார் 10 கோடி. முதல் பெட்டிக்குத் தள்ளுபடி, விளம்பரத்துக்குக் கொட்டிய காசு, தள்ளுபடி தீர்ந்ததும் ஓடுகிற கஸ்டமர், இந்த மூன்றும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன என்பது என் எண்ணம். விழுந்ததும் எண்களும் உறுதி, காரணத்தை அவரவர் ஒரு மாதிரி சொல்லுவார்கள்.

அமெரிக்காக்காரன் கதை எதற்கு, என் கையே சுட்ட கதை இருக்கிறது. கேத்தியில் காய்கறி போடுகிற நண்பரோடு சேர்ந்து ஒரு தடவை கோயம்புத்தூர் அபார்ட்மென்ட்களுக்கு வாராவாரம் மலைக்காய்க் கூடை அனுப்பினோம். மாதப் பணம் முன்னாலேயே. கேரட், பீட்ரூட், பீன்ஸ் இருக்கும் வரை எல்லோருக்கும் சந்தோஷம். தோட்டத்தில் என்ன வருகிறதோ அதுதானே கூடைக்கும் வரும்? மூன்றாவது வாரம் நூல்கோலும் டர்னிப்பும், நாலாவது வாரம் லீக்ஸ். ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, இந்தப் பெரிய வெங்காயத்தாளை வைத்து நான் என்ன செய்ய, போன வார நூல்கோலே ஃப்ரிட்ஜில் கிடக்கிறதே?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, குற்ற உணர்ச்சியோடு கேட்டார். அதுதான் எனக்கு உறைத்தது. வீணாகிறதே என்ற குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் மனிதர்கள் சண்டை போட மாட்டார்கள், "இந்த மாசம் மட்டும் வேண்டாம்" என்பார்கள், அந்த மாதம் அப்புறம் முடியவே முடியாது. நடுவில் மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போன இரண்டு வாரத்தில் கீரை எல்லாம் கூழ். ஏழாவது மாதம் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடினோம்.

நான் பார்த்ததிலேயே உடையாத சந்தா பால்காரருடையதுதான். அவர் நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், முப்பது வரி. அரை லிட்டர் வாங்கினால் அரை, விருந்தாளி வந்தால் ஒன்று, ஊருக்குப் போனால் சுழி. முந்தின நாள் சாயங்காலம் "நாளைக்கு வேண்டாம்பா" என்று சொன்னால் போதும். மாசக் கடைசியில் கூட்டிப் பணம். சுழி போடுகிற உரிமை வாங்குபவர் கையில் இருக்கிறது, அதனாலேயே முப்பது வருடமாக ஆளை மாற்றாமல் வாங்குகிறார்கள். பால் கெட்டுப்போகிற பொருள், தினமும் தீர்கிற பொருள், ஆகவே சுழி அபூர்வமாகத்தான் விழும். ஆவின் அட்டையில் இதே வேலை வேறு விதமாக நடக்கும், முன்பணம் கட்டு, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்.

சரி, உங்கள் டீக்கு வருவோம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 200 கிராமில் 100 கோப்பை. வீட்டில் இரண்டு பேர், காலை மாலை இரண்டு வேளையும் இதையே குடித்தால் 25 நாள், உங்கள் மாதக் கணக்கு கச்சிதம். ஆனால் நம் மக்கள் காலையில் எழுந்ததும் பால் ஊற்றிய டீயைத்தான் தேடுவார்கள், அதற்கு டஸ்ட் டீ தனியாக இருக்கும். கிரீன் டீ என்பது ஒருவர், ஒரு வேளை. அப்படியானால் 200 கிராம் 100 நாள் வரும். இரண்டாவது மாதம் இரண்டாவது பாக்கெட் வரும்போது முதலாவதில் மூன்றில் இரண்டு பங்கு மீதி. மூன்றாவது வரும்போது என் லீக்ஸ் அம்மாவின் போன் உங்களுக்கும் வரும். டீ நன்றாக இல்லை என்று யாரும் விலக மாட்டார்கள், தீரவில்லை என்றுதான் விலகுவார்கள். இதில் எனக்கு ஏறக்குறைய சந்தேகமே இல்லை.

பணத்தையும் பார்த்துவிடலாம். டீ, பாக்கெட், உங்கள் கூலி எல்லாம் சேர்த்து 190, கூரியர் 70 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன்லைனில் பணம் வாங்கும் கழிவு சுமார் 2 சதவீதமும் அதன் மேல் வரியும் சேர்த்து 11 ரூபாய் வையுங்கள், வழியில் தொலைவது நனைவதற்கு சராசரியாக ஒரு 9. மொத்தம் 280, மீதி 170. இதைத்தான் லாபம் என்று நினைக்கிறீர்கள். ஒரு கஸ்டமரைப் பிடிக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 700 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது என் ஊகம், உங்களுக்குக் கூடலாம் குறையலாம்). மாதம் நூற்றுக்கு இருபது பேர் விலகினால் ஒருவர் சராசரியாக இருப்பது 5 மாதம், அவரால் வருவது 850, விளம்பரம் போக 150 மிச்சம். முதல் மாதம் பாதி விலை என்று ஆசை காட்டினால் அதில் 225 போய், கடைசியில் 75 ரூபாய் நஷ்டம். அதே நூற்றுக்குப் பத்துப் பேர் மட்டும் விலகினால் 10 மாதம், 1,700 ரூபாய், தொழில் நிற்கும். இன்னொரு விதமாகவும் பாருங்கள். நூறு பேரோடு ஆரம்பித்தால், மாதம் 5 சதவீதம் போகும்போது வருடக் கடைசியில் 54 பேர் இருப்பார்கள், 10 சதவீதம் என்றால் 28, 20 சதவீதம் என்றால் வெறும் 7. விலையைக் கூட்டுவதா குறைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள், உங்கள் தலையெழுத்து இந்த விலகும் விகிதத்தில்தான் இருக்கிறது. நான் போட்ட வாய்ப்பாடு எல்லா மாதமும் ஒரே விகிதத்தில் ஆள் போவதாக வைத்துப் போட்டது. நடப்பில் முதல் மூன்று மாதத்தில்தான் கூட்டமாகப் போவார்கள், தங்கியவர்கள் நெடுநாள் தங்குவார்கள்.

"தானாகக் கழிகிற மாதிரி வைத்துவிட்டால் மறந்துவிடுவார்களே" என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டில் பல பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். இங்கே அதை நம்பாதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்னால் கஸ்டமருக்குத் தகவல் போக வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமல் கழியும், அது உங்களுக்குப் போதும், ஆனால் அந்த முந்தின நாள் மெசேஜ் இருக்கிறதே, அது மாதா மாதம் கஸ்டமரை எழுப்பி "இது வேண்டுமா?" என்று கேட்பது போல. அலமாரியில் இரண்டு பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறவர் என்ன பதில் சொல்வார்? சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைப்பதையும் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சந்தாப் பொறி என்று பெயர் போட்டே தடுத்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஹட்டியின் பெயரை பாக்கெட்டில் போட்டு விற்கிறீர்கள், ஒரு ஆள் திட்டினால் ஊரையே திட்டின மாதிரி.

வருடப் பணம் முன்னாலேயே வாங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. பின்னால் கம்பெனியாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், பொருளுக்கு வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், தாண்டினால் சட்டப்படி அது மக்களிடம் வாங்கிய டெபாசிட் என்று ஆகிவிடும். நகைக்கடைச் சீட்டு பதினோரு மாதத்தில் முடிவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இப்போதைக்குத் தனி ஆளாக நடத்துகிறீர்கள், இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் பணம் வாங்காதீர்கள், காரணம் உங்கள் செடி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியில் கொழுந்து குறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரில் காசு வாங்கிச் செலவு செய்துவிட்டு, பனி கருக்கின ஜனவரியில் நூறு பாக்கெட் கடன்பட்டு நிற்பது என்பது கார் வாங்கிய என் கோயம்புத்தூர் முதலாளி நிலைதான். இன்னொன்று, பெங்களூரோ கொச்சியோ, தமிழ்நாட்டைத் தாண்டி ஒரு பாக்கெட் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், 40 லட்சம் வரை தேவையில்லை என்பது மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு மட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் பாக்கெட் போடவே கூடாது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பால்காரர் நோட்டையும் ஜெராக்ஸ் கணக்கையும் சேர்த்து ஒன்று செய்வேன். பாக்கெட்டை 100 கிராம் ஆக்கி, மூன்று பாக்கெட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, முதல் பாக்கெட் மட்டும் உடனே போகும். மீதி இரண்டும் எப்போது என்பதை அவர் சொல்வார், தீரும் தறுவாயில் வாட்ஸ்அப்பில் "அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை போதும். 100 கிராமுக்கும் கூரியர் ஏறக்குறைய அதே 70-தான் ஆகும், அது இந்த யோசனையின் ஓட்டை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் 200 கிராமின் பாதி விலைக்கு 100 கிராமைக் கொடுக்க முடியாது, 290, 300 என்று வைக்க வேண்டியிருக்கும். வாங்குவார்களா என்றால், தீர்ந்த பிறகு கேட்டு வாங்குகிறவர் கிராம் விலையை அவ்வளவாகப் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன், இது என் அபிப்பிராயம்தான். விளம்பரத்துக்குப் போவதற்கு முன்னால் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று முப்பது பேரைப் பிடியுங்கள், உறவுக்காரர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் பாசத்துக்கு வாங்குவார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பாக்கெட் பிரித்த தேதி, தீர்ந்த தேதி இரண்டு மட்டும் எழுதுங்கள். நாலு மாதத்தில் யாருக்கு 25 நாள், யாருக்கு 90 நாள் என்று தெரிந்துவிடும். 25 நாள் ஆட்கள் பத்துப் பேர் தேறினால் அவர்களுக்கு மட்டும் தாராளமாக மாதச் சந்தா வையுங்கள், அவர்கள் விலக மாட்டார்கள். பனிக்காலத்தில் எடுக்கிற கொழுந்தில் செய்ததை எந்தச் சந்தாவிலும் சேர்க்க வேண்டாம். கொஞ்சம்தான் வரும், வாசனை தனி என்று கேட்டு வாங்க ஆள் இருக்கிறது, தனி விலைக்குப் போகும்.

அப்புறம், ஃபேக்டரிக்குக் கொழுந்து போடுவதை இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். கையால் உருட்டுவதற்கு உங்களுக்கு வேண்டியது விளைச்சலில் ஒரு சின்னப் பங்குதான். சீசனில் கொழுந்து மலையாகக் குவியும்போது ஃபேக்டரிகள் இவ்வளவுதான் எடுப்போம் என்று கோட்டா போடும், அப்போது வருடம் முழுக்கப் போட்டவருக்குத்தான் கொழுந்து எடுக்கிற ஏஜென்ட் வண்டியில் இடம் கொடுப்பார். நடுவில் ஆறு மாதம் காணாமல் போய்விட்டுத் திரும்பி வந்தால், எடை போடுகிற இடத்தில் சாக்கோடு உங்கள் அப்பாதான் நிற்க வேண்டியிருக்கும்.